ஐந்து பெட்டைக்கு நாற்பது குஞ்சு: ஆப்பிரிக்கக் கிராமக் கோழிக் கணக்கு எங்கே இடறுகிறது?

2016 ஜூன் மாதம் பில் கேட்ஸ் ஒரு கணக்கைச் சொன்னார். ஆப்பிரிக்கக் கிராமத்துப் பெண் ஒருவர் ஐந்து பெட்டைக்கோழிகளோடு தொடங்குகிறார். சேவல் பக்கத்து வீட்டில் இருக்கிறது. மூன்று மாதத்தில் 40 குஞ்சுகள். மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு கோழி 5 டாலருக்குப் போகும் என்று வைத்துக்கொண்டால், போகப்போக ஆண்டுக்கு 1,000 டாலருக்கு மேல் கையில் நிற்கும். இதையொட்டி, ஹெய்ஃபர் இன்டர்நேஷனல் அமைப்போடு சேர்ந்து ஒரு லட்சம் கோழிகளை வழங்கும் திட்டத்தையும் அறிவித்தார்.

கிராமக் கோழி வளர்ப்பைப் பற்றிப் பேசும் பலரும் இன்றும் இந்தக் கணக்கில்தான் தொடங்குகிறார்கள். ஆனால் தான்சானியாவிலோ மலாவியிலோ மொசாம்பிக்கிலோ ஒரு கிராமத்துக்குப் போய் வீடு வீடாக எண்ணிப் பார்த்தால், பெரும்பாலான வீடுகளில் இருப்பது ஐந்திலிருந்து இருபது கோழிகள். சென்ற ஆண்டும் அவ்வளவுதான், அதற்கு முந்தைய ஆண்டும் அவ்வளவுதான். பெட்டைகள் ஒழுங்காக முட்டையிடுகின்றன, அடைகாக்கின்றன, பொரிக்கின்றன. பிறகு ஏன் பெருகவில்லை?

கோழிகள் போதுமான அளவு பிறக்கத்தான் செய்கின்றன, நிலைப்பதில்லை. எங்கே, எப்போது, எதனால் சாகின்றன என்று தெரியாமல் புதுக் கோழி கொடுப்பதும் புது இனம் கொண்டுவருவதும் ஓட்டைப் பானையில் நீர் ஊற்றுவதுதான். கற்றுக்கொள்ளக் கிராமத்துக்குப் போகிறவர்கள் முதலில் இந்த ஓட்டையைப் பார்க்கப் பழக வேண்டும்.

## முதலில் சில சொற்கள்

கிராமக் கோழி. நம் நாட்டுக்கோழியைப் போலவே பகலில் திறந்துவிட்டு, இரவில் அடைத்து வளர்ப்பது. கிழக்கு ஆப்பிரிக்காவில் சுவாஹிலி மொழியில் ‘கூக்கு வா கியென்யேஜி’, அதாவது உள்ளூர்க் கோழி. பிரெஞ்சு பேசும் புர்கினா ஃபாசோ, மாலி பக்கம் ‘பூலே பிசிக்லெட்’, சைக்கிள் கோழி. கால்களைக் கட்டிச் சைக்கிளில் தொங்கவிட்டுச் சந்தைக்குக் கொண்டுபோவதால் வந்த பெயர். ஜிம்பாப்வேயில் ‘ரோட் ரன்னர்’ என்பார்கள்.

ஈடு. ஒரு பெட்டை தொடர்ந்து இட்டு, பிறகு அடைக்கு உட்காரும் வரையிலான ஒரு தொகுதி முட்டை.

மேய்ச்சல் இரை. கோழி தானே கிளறித் தேடித் தின்னும் எல்லாம்: சிந்திய தானியம், தவிடு, சமையலறைக் கழிவு, புழு, பூச்சி, இளம்புல். ஒரு வீட்டையும் அதன் சுற்றுப்புறத்தையும் நம்பி எத்தனை கோழி வாழ முடியும் என்பதை இதுதான் தீர்மானிக்கிறது.

வெள்ளைக்கழிச்சல். இந்தியாவில் ராணிக்கெட் நோய், உலக வழக்கில் நியூகாசில் நோய். 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் அடையாளம் கண்டார்கள். இமயமலை அடிவார ஊரான ராணிக்கெட்டின் பெயர் நம் நாட்டில் ஒட்டிக்கொண்டது. மலாவியில் இதன் பெயர் ‘சிட்டோபா’, தான்சானியாவில் ‘ம்டொண்டோ’. ஆய்வுக்கூடத்துப் பெயரை யாரும் சொல்லமாட்டார்கள். கிராமத்தில் கேட்கும்போது உள்ளூர்ப் பெயரில் கேட்டால்தான் பதில் வரும்.

## ஒரு பெட்டையின் ஓராண்டு

கவனிப்பு ஏதுமில்லாத வளர்ப்பில் வழக்கமாகக் காணும் அளவுகளை வைத்து ஒரு மாதிரிக் கணக்குப் போடலாம். ஊருக்கு ஊர் எண்கள் மாறும். கணக்கின் போக்கு மாறாது.

1. ஒரு ஈட்டுக்கு 12 முட்டை. இட்டு முடிக்க 16 நாள், அடைகாக்க 21 நாள், குஞ்சுகளோடு அலைய 8 முதல் 12 வாரம், பிறகு உடம்பு தேறச் சில நாள். ஒரு சுற்று முடிய நான்கு மாதம். ஆகவே ஆண்டுக்கு மூன்று ஈடு, 36 முட்டை.
2. ஈட்டுக்கு 2 முட்டை சமையலுக்கோ கடைக்கோ போகிறது. மீதி 10 அடையில் வைக்கப்படுகிறது.
3. பத்தில் எட்டு பொரிக்கிறது. கூமுட்டை இரண்டுதான். எந்த மின்சாரப் பொரிப்பானும் வெட்கப்படத்தக்க திறமை இது.
4. எட்டில் ஐந்து, எட்டு வாரத்துக்குள் செத்துவிடுகிறது. பல நாடுகளில் குஞ்சு இழப்பு பாதிக்கு மேல்; பத்தில் ஆறு, ஏழு போவதும் உண்டு.

பத்தில் ஆறு போகிறது என்று வைத்தால், ஒரு பெட்டைக்கு ஆண்டுக்கு 24 குஞ்சு பொரித்து, ஒன்பது அல்லது பத்து மிஞ்சும். ஐந்து பெட்டைக்கு 120 பொரித்து 48 மிஞ்சும்.

இப்போது அந்த நாற்பதைத் திரும்பிப் பார்க்கலாம். ஐந்து பெட்டை, ஆளுக்கு எட்டு குஞ்சு: 40. இந்தக் கணக்கு பொரித்த அன்று சரி. ஆனால் எட்டு வாரம் கழித்து அதே முற்றத்தில் எண்ணினால் 16தான் இருக்கும். விற்கும் பருவத்துக்கு இன்னும் மூன்று, நான்கு மாதம் பாக்கி. அந்த இடைவெளியில்தான் வெள்ளைக்கழிச்சல் வருகிறது.

## பெரிய ஓட்டை: வெள்ளைக்கழிச்சல்

இது ஒரு வைரஸ். எச்சம், சளி, கண்ணீர், செத்த கோழியின் இறைச்சி, ஆட்களின் கால், கூடை, எல்லாவற்றாலும் பரவும். உள்ளே போய் ஐந்தாறு நாளில் அறிகுறி தெரியும். 2 முதல் 15 நாள் வரை ஆகலாம். கோழி சுருண்டு உட்காரும், இறகு சிலிர்த்து நிற்கும், பச்சையாகக் கழியும், வாயைத் திறந்து மூச்சு வாங்கும். சிலவற்றுக்குக் கழுத்து திருகிக்கொள்ளும். தடுப்பூசி போடாத கூட்டத்தில் கடுமையான வகை புகுந்தால் மொத்தக் கூட்டமும் போகலாம். மருந்து கிடையாது.

தெற்கு, கிழக்கு ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் மழைக்கு முந்தைய வெப்பமான வறட்சி மாதங்களில் நோய் உச்சத்தில் இருக்கும். சஹாராப் பாலைவனத்துக்குத் தெற்கே உள்ள சாஹேல் பகுதியில், ஹர்மட்டான் என்ற வறண்ட பாலைவனக் காற்று வீசும் குளிர்ந்த வறட்சிக் காலத்தில். அதனால் ‘காற்று கொண்டுவருகிறது’ என்று நம்புகிறவர்கள் நிறைய. அந்த மாதங்களில்தான் பண்டிகைச் சந்தையும் சூடு பிடிக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வியாபாரி ஒரு கூடையில் பத்து ஊர்க் கோழிகளை ஒன்றாகப் போட்டுக் கொண்டுபோகிறார். விலைபோகாததை வேறு ஊரில் விற்கிறார், அல்லது திருப்பிக் கொண்டுவருகிறார். நோய் வந்த செய்தி கேட்டதும் மற்ற வீட்டார் அவசரமாகக் கோழியைச் சந்தைக்குக் கொண்டுபோகிறார்கள். விலை சரிகிறது, நோய் அடுத்த ஊருக்கு நகர்கிறது. ஏழை வீட்டில் கையிலிருக்கும் ஒரே சேமிப்பு கரையும்போது மனிதர்கள் அப்படித்தான் செய்வார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நோய் பரவும் வழி அதுதான்.

### பண்ணைத் தடுப்பூசி ஏன் கிராமத்தில் எடுபடவில்லை

பண்ணைகளில் லசோட்டா போன்ற தடுப்பூசிகள் பல பத்தாண்டுகளாக இருக்கின்றன. கிராமத்துக்கு அவை பொருந்தாததற்குக் காரணம் இரண்டு. ஒன்று, 2 முதல் 8 டிகிரிக் குளிரிலேயே இருக்க வேண்டும். குளிர்பெட்டி இல்லாத ஊரில், சைக்கிளில் போகும் ஆள் அதை எப்படிக் காப்பாற்றுவார்? மற்றொன்று, புட்டி 1,000 கோழிக்கானது. வீட்டுக்குப் பத்துக் கோழி உள்ள இடத்தில் நூறு வீட்டைச் சில மணி நேரத்தில் சுற்றி முடிக்க முடியாது.

இந்த இடத்தில்தான் ஐ-2 என்ற தடுப்பூசி வருகிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில், ஆஸ்திரேலிய அரசின் வேளாண் ஆய்வு நிதியோடு உருவானது. இதற்கு முன் அதே வழியில் வி4 என்ற வகை இருந்தது. 1980களில் மலேசியாவில் அதைத் தீவனத்தில் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். ஐ-2இன் தனிச்சிறப்பு இரண்டு. மூல விதையை, அதாவது தடுப்பூசி தயாரிக்கத் தொடங்க வேண்டிய வைரஸை, வளரும் நாடுகளின் ஆய்வுக்கூடங்களுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். தான்சானியா, மொசாம்பிக், மலாவி, கானா போன்ற நாடுகள் தாங்களே தயாரித்தன. அடுத்து, வெப்பம் தாங்கும். உறைய வைத்து உலர்த்திய ஐ-2, வெளிச்சம் படாமல் 28 டிகிரியில் வைத்தாலும் 8 வாரம் வீரியம் குன்றாது. ‘வெப்பம் தாங்கும்’ என்பதைப் பலர் ‘வெயிலில் வைக்கலாம்’ என்று புரிந்துகொள்கிறார்கள். நேர் வெயில் இதையும் கொல்லும். ஈரத்துணியில் சுற்றி நிழலில் எடுத்துச் செல்வதுதான் முறை.

### கண்ணில் ஒரு சொட்டு: செய்முறை

1. முதல் நாள் மாலையே ஊருக்குச் சொல்லிவிட வேண்டும்: நாளைக் காலையில் கோழியைத் திறக்காதீர்கள். திறந்த பிறகு பிடிக்க முயன்றால் பாதிக்கு மேல் கைக்கு வராது. தடுப்பூசி வேலையில் தோல்விக்கு மிகப் பெரிய காரணம் இந்தச் சின்ன விஷயம்.
2. சொட்டுக்குப்பியின் அளவைச் சோதிக்க வேண்டும். ஒரு மில்லி நீரில் எத்தனை சொட்டு விழுகிறது என்று எண்ணுங்கள். 35 சொட்டு விழுந்தால், 250 கோழிக்கான புட்டிக்கு 7 மில்லிக்குச் சற்று கூடுதலான நீர். அளக்காமல் கலந்தால் கடைசி ஐம்பது கோழிக்கு மருந்து இருக்காது, அல்லது எல்லாவற்றுக்கும் வீரியம் குறையும்.
3. கொதித்து ஆறிய நீரில் கலக்க வேண்டும். குளோரின் கலந்த குழாய் நீர் உயிருள்ள வைரஸைக் கொன்றுவிடும்.
4. கோழியைப் பக்கவாட்டில் சாய்த்து, ஒரு கண் மேலே பார்க்கும்படி பிடித்து, குப்பியைச் செங்குத்தாகக் கவிழ்த்து ஒரே ஒரு சொட்டு. சாய்த்துப் பிடித்தால் சொட்டின் அளவு மாறும். கோழி கண் சிமிட்டும் வரை விடக் கூடாது. சொட்டு வழிந்துவிட்டால் இன்னொன்று.
5. நேற்றுப் பொரித்த குஞ்சுக்கும் கிழட்டுச் சேவலுக்கும் அதே ஒரு சொட்டு. நாட்டுக்கோழியின் வயதைக் கேட்டுக் கணக்குப் பார்க்கும் வேலையே வேண்டாம் என்பது இதன் பெரிய வசதி.
6. நான்கு மாதத்துக்கு ஒரு முறை. மொசாம்பிக்கில் மார்ச், ஜூலை, நவம்பர் என்று மாதத்தையே நிர்ணயித்தார்கள். எதிர்ப்புச் சக்தி உருவாக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். நோய்க் காலத்துக்கு ஒரு மாதமாவது முன்னால் போட்டிருக்க வேண்டும்.

ஏன் நான்கு மாதம்? எதிர்ப்புச் சக்தி குறைவது ஒரு காரணம். மற்றொரு காரணம் பலருக்கும் படுவதில்லை: மார்ச் மாதம் போட்ட பிறகு ஏப்ரலில் பொரித்த குஞ்சுகளுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. ஆண்டு முழுதும் குஞ்சு பொரிக்கும் கூட்டத்தில் ஆண்டுக்கு ஒரு முறை போட்டால், அடுத்த நோய்க் காலத்தில் கூட்டத்தின் இளம் பாதி வெறுங்கையோடு நிற்கும். நம் தமிழ்நாட்டில் கால்நடைத் துறை பிப்ரவரியில் நடத்தும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமோடு நிறுத்திக்கொள்கிறவர்களுக்கும் இது பொருந்தும்.

### எங்கே தவறுகிறது

நோய் ஊருக்குள் வந்த பிறகு போடுவது முதல் தவறு. வெளியில் தெரியாமல் நோய் பிடித்திருக்கும் கோழிகள் எப்படியும் சாகும். பழி தடுப்பூசி மேல் விழும். கோழி பிடித்த கையோடு வீடு வீடாகப் போகும் ஆளே நோயைச் சுமந்து செல்வார்.

அம்மை, கோழிக் காலரா, ரத்தக்கழிச்சல் இவற்றால் செத்ததையும் ‘தடுப்பூசி போட்டும் செத்தது’ என்று கணக்கில் சேர்ப்பது அடுத்தது. இந்தச் சொட்டு ஒரே ஒரு நோயைத்தான் தடுக்கும் என்பதை முதல் நாளே சொல்லியாக வேண்டும்.

இலவசமாகப் போட்டுவிட்டுப் போவது மூன்றாவது. திட்டப் பணம் இருக்கும் வரை நடக்கும், தீர்ந்ததும் நிற்கும். கோழிக்கு இவ்வளவு என்று சிறு கட்டணம் வாங்கி, அதில் ஒரு பங்கு தடுப்பூசி போடும் உள்ளூர் ஆளுக்குக் கூலியாகவும் மறு பங்கு அடுத்த புட்டிக்காகவும் போகும் ஏற்பாடு உள்ள ஊர்களில்தான் இது நீடிக்கிறது. அந்த வேலைக்குப் பெண்களைத் தேர்ந்தெடுப்பது நல்லது. கோழி பெண்களுடையது, விடியற்காலையில் வீட்டுப் பின்கட்டுக்குள் தயக்கமின்றிப் போக முடிகிறவர்களும் அவர்களே.

## சிறு ஓட்டைகள்: முதல் நான்கு வாரம்

தடுப்பூசி பிடித்துவிட்டால் அடுத்து குஞ்சு. பருந்து, காகம், கீரி, பாம்பு, நாய், பூனை. மழையில் நனைந்து விறைத்துப்போதல். தாயின் பின்னால் நாள் முழுதும் ஓடிக் களைத்து, தின்றதைவிட அதிகமாகச் செலவழித்தல். இவ்வளவும் முதல் நான்கு வாரத்தில் குவிகிறது.

தீர்வு மலிவானது. மூங்கிலிலோ குச்சியிலோ பின்னிய கவிழ்கூடை, நம் ஊர்ப் பஞ்சாரம் போன்றது, கிழக்கு ஆப்பிரிக்காவிலும் உண்டு. தாயைக் கூடைக்குள் அடைத்து, குஞ்சு மட்டும் நுழையும் இடுக்கு விட்டால், குஞ்சுகள் தாயை விட்டுத் தூரம் போகாது. பருந்து தெரிந்ததும் உள்ளே ஓடிவிடும். இன்னொரு கூண்டில் இதற்கு நேர்மாறாகச் செய்யலாம்: தீவனத்தை உள்ளே வைத்து, தாய் நுழைய முடியாதபடி இடைவெளியைச் சுருக்கினால், கொடுக்கும் கைப்பிடித் தானியம் குஞ்சின் வயிற்றுக்கே போகும். அப்படிச் செய்யாமல் முற்றத்தில் வீசும் தீவனத்தை முதலில் தின்பது சேவல்.

குஞ்சுக்குப் புரதம் வேண்டும். மக்காச்சோள மாவு போதாது. புர்கினா ஃபாசோ, டோகோ பகுதியில் இதற்குக் கறையான் பிடிக்கிறார்கள். பழைய பானையிலோ சுரைக்குடுக்கையிலோ காய்ந்த சாணமும் வைக்கோலும் திணித்து, நீர் தெளித்து, கறையான் நடமாடும் இடத்தில் மாலையில் கவிழ்த்து வைப்பார்கள். மறுநாள் எடுத்துத் தட்டினால் குஞ்சுகள் ஓடிவந்து பொறுக்கும். தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் பானையில் சாணமும் கிழிந்த சாக்கும் வைத்து இதே வேலையைச் செய்கிறோம். ஒருவரை ஒருவர் பார்த்துக் கற்றதில்லை. ஒரே தேவைக்கு இரு கண்டத்து மக்களும் கண்ட ஒரே வழி. வெயில் ஏறும் முன் பானையை எடுத்துவிட வேண்டும், தாமதித்தால் கறையான் மண்ணுக்குள் இறங்கிவிடும்.

நான்கு வாரத்தில் குஞ்சைத் தாயிடமிருந்து பிரித்துவிட்டால் பெட்டை விரைவில் மீண்டும் முட்டைக்கு வரும். ஆண்டுக்கு மூன்று ஈடு நான்காகும். ஆனால் பிரித்த குஞ்சுக்கு இரவுச் சூடும் தீவனமும் வீட்டார்தான் கொடுக்க வேண்டும். இழப்பைக் குறைக்காத வீட்டில் இதைத் தொடங்குவது வேண்டாத வேலை.

குஞ்சு இழப்பு பத்தில் ஆறிலிருந்து மூன்றாக இறங்கினால், அதே ஐந்து பெட்டை, அதே 120 குஞ்சிலிருந்து 84 தேறும். ஒரு பெட்டையும் புதிதாக வாங்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

## அடுத்து இடிப்பது: முற்றம் எத்தனை கோழிக்குச் சோறு போடும்?

இழப்பு குறைந்ததும் புதிய சிக்கல் தலைகாட்டும். ஒரு வீட்டின் மேய்ச்சல் இரைக்கு எல்லை உண்டு. இந்தக் கருத்துக்கு அடித்தளமான ஆய்வுகளில் முக்கியமான ஒன்று இலங்கைக் கிராமங்களில் நடந்தது, 1993இல் வெளிவந்தது. மேய்ந்துவந்த கோழியின் கழுத்தடியில் இரை சேரும் பையைத் திறந்து, என்ன தின்றிருக்கிறது என்று பிரித்து எடைபோட்டார்கள். உண்டதில் பெரும்பங்கு வீட்டுச் சமையலறைக் கழிவு. வீட்டில் சோறு குறைந்தால் கோழிக்கும் இரை குறையும் என்று பொருள். அறுவடைக்குப் பின் தானியம் சிந்திக் கிடக்கும். அடுத்த அறுவடைக்கு முந்தைய பஞ்ச மாதங்களில் ஒன்றும் இருக்காது.

இப்போது 1,000 டாலரை எடுத்துக்கொள்வோம். 5 டாலர் வீதம் 200 கோழி விற்க வேண்டும். விற்கும் எடை வர ஐந்து மாதம் ஆகும் என்றால், எந்த நேரத்திலும் முற்றத்தில் எண்பதுக்கு மேற்பட்ட வளரும் கோழிகள் நிற்கும். தலைக்கு நாளொன்றுக்குச் சராசரி 60 கிராம் என்றாலும் 5 கிலோ. அதில் பாதியை மேய்ச்சல் கொடுக்கும் என்று தாராளமாக வைத்தாலும் நாளைக்கு இரண்டரைக் கிலோ, ஆண்டுக்கு 900 கிலோ தானியம் வாங்க வேண்டும். ஐந்து பேர் உள்ள மலாவிக் குடும்பம் ஓராண்டில் உண்ணும் மக்காச்சோளத்தைவிட இது அதிகம். இந்த இடத்தில் கிராமக் கோழி வளர்ப்பு முடிந்து பண்ணை தொடங்குகிறது. பண்ணைக்கு முதலீடு, தீவனக் கடை, நிலையான சந்தை எல்லாம் வேண்டும்.

எனவே, பாதுகாப்போடு வளர்க்கும் ஐந்து பெட்டை வீட்டுக்கு நியாயமான எதிர்பார்ப்பு: 84இல் பிந்தைய இழப்பு, கிழட்டுப் பெட்டைக்கு மாற்றாக வைப்பது, வீட்டுச் சாப்பாடு போக அறுபது, எழுபது கோழி விற்பனை, 300 முதல் 350 டாலர். ஆயிரத்தில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் பள்ளிக் கட்டணமும் மருந்தும் ஒரு ஆட்டுக்குட்டியும் வாங்கும் பணம் இது. அதுவும் பெண்ணின் கைக்கு வரும் பணம்.

விற்கும் நேரம் இதில் பெரிய வித்தியாசம் செய்யும். எத்தியோப்பியாவில் ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர்கள் ஈஸ்டருக்கு முன் 55 நாள் இறைச்சி, முட்டை, பால் தொடமாட்டார்கள். அப்போது கோழி விலை விழும். ஈஸ்டர், கிறிஸ்துமஸ், செப்டம்பரில் வரும் அவர்களுடைய புத்தாண்டு ஆகியவற்றுக்கு விலை ஏறும். பண்டிகையிலிருந்து ஆறு மாதம் பின்னோக்கி எண்ணி அடைவைக்கும் வீடு நல்ல விலை பார்க்கும். அப்படித் திட்டமிட வேண்டுமானால் கோழி ஆறு மாதம் உயிரோடிருக்கும் என்ற நம்பிக்கை வேண்டும். மறுபடியும் அந்தச் சொட்டில்தான் வந்து நிற்கிறோம்.

## புது இனம் எப்போது?

இந்தியாவில் குருகிராமின் கெக்ஃபார்ம்ஸ் நிறுவனம் உருவாக்கிய குராய்லர் கோழி, 2010 வாக்கில் உகாண்டா போனது. பிரான்சின் சாசோ இனம் எத்தியோப்பியாவில் பரவியிருக்கிறது; அங்கே குஞ்சு பொரிக்கும் நிறுவனம் ஒரு நாள் குஞ்சைக் கொடுக்கிறது, உள்ளூர் முகவர் 45 முதல் 60 நாள் வரை தடுப்பூசியோடு வளர்த்து வீடுகளுக்கு விற்கிறார். மிகவும் பலவீனமான வாரங்களை முகவர் தாண்டிவிடச் செய்வதால் இது நல்ல ஏற்பாடு. இவை வேகமாக எடை போடும், உள்ளூர்க் கோழியைவிடப் பல மடங்கு முட்டையிடும்.

விலையாகக் கேட்பவை இரண்டு. தீவனம் கொடுத்தாக வேண்டும். அதோடு இவை பெரும்பாலும் அடைக்கு உட்காராது. ஒவ்வொரு தடவையும் குஞ்சு வாங்கத்தான் வேண்டும். உள்ளூர்ப் பெட்டை சுமாராக முட்டையிட்டாலும், அதுவே பொரிப்பான், அதுவே காவல். வெப்பமான பகுதிகளின் கழுத்தில் இறகில்லாத கோழிகளையும், இறகு சுருண்ட கோழிகளையும் ‘மட்டமான சாதி’ என்று ஒதுக்குவது தவறு. இறகு குறைவதால் உடல் சூடு எளிதில் வெளியேறுகிறது.

வரிசை இதுதான்: தடுப்பூசி, குஞ்சுப் பாதுகாப்பு, தீவனம், பிறகு இனம். தலைகீழாகத் தொடங்கிய இடங்களில் விலையுயர்ந்த கோழிகள் அடுத்த சிட்டோபா காலத்தில் மலிவான கோழிகளோடு சேர்ந்தே செத்தன.

## கிராமத்துக்குப் போகிறவர் என்ன பார்க்க வேண்டும்

1. வெளுக்கும் முன் போய் நில்லுங்கள். கோழி கூட்டை விட்டு இறங்கும் அரைமணி நேரம்தான் சரியாக எண்ண முடிகிற நேரம். பெட்டை, சேவல், வெடை (இன்னும் முட்டைக்கு வராத இளங்கோழி), குஞ்சு என்று நான்காகப் பிரித்து எண்ண வேண்டும்.
2. வயது இடைவெளியைப் படியுங்கள். பெட்டைகளும் பொடிக் குஞ்சுகளும் இருக்கின்றன, நடுவயது வெடைகள் இல்லை என்றால் ஓட்டை குஞ்சுப் பருவத்தில். எல்லாமே இளசுகள், கிழட்டுப் பெட்டை ஒன்றுமில்லை என்றால் சில மாதம் முன்னால் வெள்ளைக்கழிச்சல் வந்து போயிருக்கலாம்.
3. நான்கு மாத வரவுசெலவு கேளுங்கள். பொரித்தது, வாங்கியது, விருந்தாளிக்கு அறுத்தது, விற்றது, பரிசளித்தது, நோயில் செத்தது, பருந்து கொண்டுபோனது. ஓராண்டைக் கேட்டால் நினைவு பிசகும். ‘இந்தப் பெட்டை கடைசியாக எத்தனை வைத்தது, எத்தனை பொரித்தது, இன்று எத்தனை இருக்கிறது’ என்று ஒவ்வொரு பெட்டையையும் சுட்டிக் கேட்டால் எண்கள் துல்லியமாக வரும்.
4. பெண்களிடம் தனியே கேளுங்கள். ஆண் முன்னால் கேட்டால் கோழி அவருடையதாகிவிடும். கூட்டம் பெருகிப் பணம் வரத் தொடங்கியதும் பெண் கையிலிருந்து ஆண் கைக்குப் போகிறதா என்பதையும் கேட்க வேண்டும்.
5. இரவு எங்கே தங்குகிறது என்று பாருங்கள். மலாவியில் கால் மேல் நிறுத்திய சிறு கூடு, ‘கோலா’, நல்ல ஏற்பாடு. எச்சம் கீழே விழும், எருவாகும். பல வீடுகளில் கோழி சமையலறையிலோ குழந்தைகள் உறங்கும் அறையிலோ அடைகிறது, திருட்டுக்குப் பயந்து. எத்தியோப்பியாவில் 2016இல் வந்த ஓர் ஆய்வில், கோழி வளர்க்கும் வீட்டுக் குழந்தைகள் உயரமாக இருந்தார்கள்; ஆனால் கோழியை இரவில் வீட்டுக்குள் அடைத்த இடங்களில் அந்த நன்மை கெட்டது. எச்சம் தவழும் குழந்தையின் வாய்க்குப் போகிறது.
6. கொண்டை, கண்ணோரம், கூட்டுப் பிளவு. கரும்புள்ளியாக ஒட்டியிருக்கும் தெள்ளுப்பூச்சி, பிளவுகளில் ஒளியும் செவ்வுண்ணி. அடைக்கோழி பாதியில் எழுந்து ஓடுவதற்கு இவை பெரும்பாலும் காரணம்.
7. உங்கள் காலணி. ஒரே நாளில் இரண்டு ஊருக்குப் போகாதீர்கள். போக வேண்டியிருந்தால் முதலில் மண்ணையும் எச்சத்தையும் தேய்த்துக் கழுவி, அதன் பிறகு கிருமிநாசினி. சேற்றின் மேல் ஊற்றும் பிளீச்சிங் நீர் பயன்படாது. செத்த கோழியைத் தொட்டிருந்தால் அன்று வேறெங்கும் போக வேண்டாம். இந்த வைரஸ் மனிதருக்குப் பெரும்பாலும் சில நாள் கண் சிவப்பதோடு போய்விடும், ஆனால் ஊரின் கோழிகளை அழிக்கும்.

கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்காவின் பல இடங்களில் தூரத்து விருந்தாளிக்குக் கோழி அறுப்பது வழக்கம். ஐந்து பெட்டை உள்ள வீட்டில் ஒன்றை அறுத்தால், ஓராண்டில் அந்தப் பெட்டை கொடுக்கவிருந்த பத்துக் கோழியும் அதோடு போகிறது. மறுத்தால் மனம் புண்படும். ஆகவே வருவதை ஊர்த்தலைவரிடம் முன்கூட்டியே சொல்லும்போது, கோழிக் கூட்டத்தை எண்ணத்தான் வருகிறோம், எதையும் குறைக்க வேண்டாம் என்று சொல்லிவைப்பதும், சாப்பாட்டுக்கான பொருளைக் கையோடு கொண்டுபோய்ச் சமைக்கும் பெண்ணிடமே கொடுப்பதும் வழி. அப்படியும் அறுத்துவிட்டால், அந்தக் கோழியின் கழுத்தடிப் பையைத் திறந்து பார்க்க அனுமதி கேளுங்கள். அன்றைக்கு அந்த முற்றம் என்ன இரை கொடுத்தது என்பது அதற்குள் இருக்கும்: எத்தனை மணி மக்காச்சோளம், எத்தனை பூச்சி, எவ்வளவு வெறும் மண்.